மடியில் இருந்த தாலி

ஒஸ்லோவில் தம்பி மணவறையில் இருந்தான். நகைக்கடை நேற்றுத்தான் கொடுத்த, அவன் கட்டவேண்டிய தாலி, பாரிஸ் விமான நிலையத்தில் அக்கா நவமலரின் மடியில் இருந்தது. விமானம் மறுபடியும் தாமதம். கவுண்டர் பெண் சாப்பாட்டுக் கூப்பனைக் கொடுத்து, நட்டஈடு கேட்கவும் உரிமை உண்டு என்றாள்.

"முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க உரிமை இருக்கோ பிள்ளை?" என்று நவமலர் தமிழிலேயே கேட்டாள்.

தொலைபேசியில் தம்பி கிசுகிசுத்தான். "அக்கா, நேரம் முடியப்போகுதாம். தாலிக்குப் பதிலா கயித்தில மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டச் சொல்லி ஐயர் நிக்கிறார்."

"பொறடா, இப்ப பிளேனுக்குக் கூப்பிட்டாங்களெண்டா ரெண்டரை மணித்தியாலத்தில வந்திடுவன்."

"அவள் அழுறாளக்கா. கட்டட்டோ?"

பலகையில் விமான நேரம் இன்னொரு முறை மாறியது. நவமலர் தாலிப் பெட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"கட்டடா."

காதுக்குள் கெட்டிமேளம் முழங்கியது. மணமக்களை வாழ்த்தி அறுகரிசி தூவ அவள் கை தானாக உயர்ந்தது. அதில் கூப்பன் இருந்தது.