விளிம்புவரை ஊற்றிய தேநீர்

மலையடிவாரத்துச் சிற்றூரின் ஒரே செவிலியான புருல்கான், எசென்குல் கிழவரின் எதிரே கம்பளத்தில் அமர்ந்திருக்கிறாள். சன்னல்வழி நுழையும் பனிக்கால வெயில், அவருடைய இடக்காலின் கம்பளிக் காலணிமீது விழுகிறது. சர்க்கரை நோயாளியான அவர் வீட்டுக்குள்ளும் அந்த ஒன்றைக் கழற்றுவதில்லை. உள்ளிருந்து அழுகல் வாடை மெல்லக் கசிகிறது. புண்ணை இன்று கழுவி மருந்திடாவிட்டால் கால் தப்பாது என்பதை அவள் அறிவாள். "காலைக் காட்டுங்க, பெரியப்பா." "குதிரைக் காலைத் தூக்கிப் பாக்குறவன் நான். என் காலை நீ பாக்கப் போறியாக்கும்?" "குதிரைன்னா உதைக்கும். நீங்க உதைக்க மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கைதான்."

அவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கொதிகலமான சமோவாரின் குழாயைத் திருகி, அவளுடைய கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டுகிறார். விருந்தினர் இன்னும் இருக்கட்டும் என்றால் சிறிதளவே ஊற்றுவது அவ்வூர் வழக்கம். நிறைத்துக் கொடுத்தால், புறப்படு என்று பொருள். புருல்கான் எழவில்லை. ஊதி ஊதிக் கடைசித் துளிவரை பருகிவிட்டு, வெறுங்கிண்ணத்தை மறுபடியும் நீட்டுகிறாள். "இன்னும் ஊத்துங்க. வாடை அடிக்குதுன்னு எந்திரிச்சுப் போறவ இல்ல நான்." கிழவரின் விரல்கள் குழாயின்மீது அசையாமல் நிற்கின்றன. பின்னர், கிண்ணத்தின் அடியை நனைக்கும் அளவே தேநீர் விழுகிறது. அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடக்காலை அவளுடைய மடியை நோக்கி மெதுவாக நீட்டுகிறார்.