சுவரில் முப்பத்து நான்கு

"அந்த வயசைச் சுரண்டாதடா, எட்சே!" "சுரண்டாம? கிளப்புக்காரன் கண்ணுல பட்டா என் ஆட்டம் அத்தோட முடிஞ்சுதுக்கா!" மத்தியான வெயிலில் வாசல் சுவர் கண்ணைக் கூசுகிறது. பசை காயாத மரணச் சுவரொட்டியில் அட்சு சிரிக்கிறான். கீழே, 'வயது 34, எட்சேயின் இரட்டைச் சகோதரன்' என்று கொட்டை எழுத்து. செர்பியாவில் கால்பந்து ஆடும் எட்சேக்கு பாஸ்போர்ட்டில் வயது இருபத்தேழு. அவன் நகத்தால் சுரண்டும் சத்தம் அக்கா எனியோவின் பல்லைக் கூச வைக்கிறது. பந்தல்காரர்கள் நாற்காலிகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். "வெறும் அண்ணன்னு போட்டாப் போதும். நீங்கல்லாம் என் காலை நம்பித்தானே சாப்பிடுறீங்க?" "ஆமாண்டா, உன் கழுத்துச் சங்கிலியத் தின்னுதான் வயிறு வளத்தோம்!" 'இரட்டை' என்ற சொல் ஈரத்தோடு சுருண்டு அவன் வெள்ளைக் காலணியில் ஒட்டுகிறது. எனியோ தன் கறுப்புத் துணியின் மடிப்பிலிருந்து விரல் நீள மரப்பொம்மை ஒன்றை எடுக்கிறாள். அவர்கள் வழக்கப்படி, இரட்டையரில் ஒருவர் போய்விட்டால், இருப்பவர் அவருக்குப் பதிலாக இப்படி ஒரு பொம்மையை இடுப்பில் செருகிக்கொண்டு, உண்ணும்போதெல்லாம் அதற்கும் ஒரு வாய் களி ஊட்ட வேண்டும். அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

"அட்சு தனியாப் பொறந்தவன்னா, இதுக்கு யார்டா சோறு ஊட்டுறது?"