தெள்ளுப்பூச்சி விசாரணை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணி. விடியலில் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் இன்னும் வந்தபாடில்லை. குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் செயலாளர் ஒரு கண்ணாடிக் குப்பியை உயர்த்திப் பிடித்தார்.

"எட்டுத் தெள்ளுப்பூச்சி. எட்டும் என் வீட்டு ஹால்ல, என் கால்லயே பிடிச்சது. இந்தக் கட்டடத்துல நாய் வளர்க்கிறது ஒரே ஒரு வீடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எல்லாரும் தரைத்தளத்துத் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றது அவர் நாய் பட்டன். அந்த அம்மாளுக்கு வீட்டில் பேச்சுத் துணை என்று இருந்தது பதினொரு வருஷமாக அது ஒன்றுதான்.

தீர்மானத்தைச் செயலாளர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். பூச்சிக்குக் காரணம் நாய்தான் என்று உறுதியானால், மறுநாள் காலை அது வெளியேற வேண்டும். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று கால்நடை மருத்துவரையும் அவரே வரவழைத்திருந்தார். நியாயம் தம் பக்கம் இருக்கும் நாட்களில் அவருக்கு நியாயத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

மருத்துவர் அம்மாள் ஒரு பேன் சீப்பால் பட்டனின் முதுகைச் சீவி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினார்.

"தூசின்னா இப்படியே இருக்கும். பூச்சியோட எச்சம்னா ஈரம் பட்டதும் செவப்பாக் கரையும். அது குடிச்ச ரத்தம்தானே?"

அத்தனை தலைகளும் குனிந்தன. காகிதம் சிவக்கவில்லை.

"வெறும் தூசி. நாய் சுத்தமா இருக்கு."

"அதெப்படி? இன்னொரு தடவை நல்லாச் சீவுங்க டாக்டர்."

மூன்று தடவை சீவினார்கள். பட்டன் விசாரணை நடப்பதாகவே எண்ணவில்லை. சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"சார், பொதுவா நாய் மேல இருக்கிற பூச்சி கொஞ்சம்தான். முட்டை, புழு எல்லாம் அது படுக்கிற இடத்துலதான் ஜாஸ்தி. கடி வாங்குறவர் நீங்க. இருக்கிறது மூணாவது மாடி. உங்களைத் தேடி அத்தனை படி ஏறி வர்றதுக்குப் பூச்சிக்கென்ன வேண்டுதலா? வாங்க, உங்க வீட்டை ஒரு பார்வை பார்த்துடலாம்."

"என் வீட்டையா? நாய் வாடையே எனக்கு ஆகாதும்மா!"

பக்கத்தில் அவர் மனைவி மாடிப்படிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. தமக்கு நேர்ந்த அவமானம் அவளையும் சுட்டிருக்கிறது என்று செயலாளர் நெகிழ்ந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்." தையல்காரம்மா எழுந்தார். "முந்தாநேத்துதான் இதைக் குளிப்பாட்டி, கழுத்துல மருந்து விட்டேன். அதுவரைக்கும் உடம்பெல்லாம் பூச்சிதான். மாடிப்படியில எல்லாம் போய்ப் படுக்கும். யார் வீட்டையும் பார்க்க வேண்டாம்."

"கேட்டீங்களா!" செயலாளர் குதித்தார். "தடயத்தையே குளிப்பாட்டி அனுப்பியிருக்காங்க!"

மருத்துவர் தையல்காரம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரிதான்" என்று சீப்பைப் பைக்குள் வைத்தார்.

தீர்மானம் நிறைவேறியது. படியேறும்போது செயலாளர் மனைவியிடம் சொன்னார்: "பார்த்தியா? எத்தனை நாளைக்குத்தான் மூடி மறைக்க முடியும்?"

"முடியாதுங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஏழரைக்கு வண்டி வந்து நின்றது. தையல்காரம்மா பட்டனின் பாயையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் ஏற்றினார். ஊர் சுற்றப் போகிறோம் என்ற நினைப்பில் பட்டன் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது. ஆபீஸுக்குக் கிளம்பிய கோலத்தில் செயலாளர் வாசலில் காவல் நின்றார்.

அப்போது அவர் மனைவி இறங்கி வந்தாள். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் காது கிழிந்த கிழட்டுத் தெருநாய். ஒரு படிகூடத் தடுமாறாமல், ரொம்ப நாள் பழகிய வழியில் வருவதைப்போல் அது இறங்கிற்று.

"யாரு இது?"

"நாலு மாசமா, நீங்க ஆபீஸ் கிளம்பினதும் நம்ம வீட்டுக்கு வர்றவன். வேற யாரையும் உட்கார விடமாட்டீங்களே அந்த சோபா, அதுலதான் மத்தியானம் பூரா தூங்குவான். பூச்சி இவனோடதுங்க. பட்டனை அனுப்பாதீங்க."

 செயலாளர் தையல்காரம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இது தெரியாம நீங்க நேத்து..."

"தெரியும் சார். தினம் என் ஜன்னலைத் தாண்டித்தானே மேல போறான்." அவர் பட்டனின் தலையைத் தடவினார். "இதுக்குப் போறதுக்கு என் தங்கச்சி வீடாவது இருக்கு. அவனுக்கு உங்க வீட்டை விட்டா வேற வாசல் கிடையாதே."

தையல்காரம்மா பாயையும் கிண்ணத்தையும் இறக்கிக்கொண்டு உள்ளே போனார். வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். போன் போனதும் வந்த மருத்துவர், கிழட்டு நாயின் கழுத்தில் மருந்து விட்டார். செயலாளரின் மனைவி சோபா உறைகளைக் கொதிநீரில் ஊறப்போட்டாள்.

செயலாளர் அன்று ஆபீஸுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். போவதற்கு முன், நேற்றைய தீர்மானத்தை எடுத்துவிட்டு அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒன்றை ஒட்டியிருந்தார்:

"பூச்சி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஆராய்வது நம் குடியிருப்பின் நாகரிகத்துக்கு அழகல்ல. – செயலாளர்."