தீர்ப்பைக் கேட்காமல் ஓடியவன்

மாலை வெயில் மரங்களுக்கிடையே சாய்ந்து விழுகிறது. தீர்ப்புக்குப் பயந்து காலையில் நீதிமன்றத்திலிருந்து ஓடிவிட்ட பழைய பட்டாளத் தோழனைத் தேடி வக்கீல் தனியாகக் காட்டுக்குள் ஏறுகிறார். விடுமுறை நாளெல்லாம் ஓடையில் மீன் பிடிக்கத் தூண்டிலோடு அவர் சுற்றிய காடு இது. ஈரமண்ணில் ஒற்றைச் செருப்புத் தடமும் ஊன்றுகோல் குழியும் வழி சொல்கின்றன. பாறையைச் சுற்றித் திரும்பியதும் அவனுடைய வேட்டைத் துப்பாக்கியின் குழல் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. கறுப்புக் கோட்டோடு இரு கைகளையும் உயர்த்துகிறார். எங்கோ தட்டிக்கொண்டிருந்த மரங்கொத்தி சட்டென்று நின்றுவிடுகிறது.

“விடுதலைடா! ஜட்ஜே சொல்லிட்டாரு.”

“கிட்ட வராதீங்கண்ணே. போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் பொய் சொல்றீங்க.”

“உன்கிட்ட நான் என்னைக்குடா பொய் சொன்னேன்?”

“கண்ணிவெடி வெடிச்ச அன்னைக்கு. கால் போகலன்னு சொன்னீங்க.”

வக்கீலின் பார்வை அவன் ஊன்றுகோலுக்குப் போகிறது. விசைமேல் இருக்கும் விரல் வெளுத்திருக்கிறது.

“ஆமாடா, பொய்தான். உண்மையைச் சொல்லியிருந்தா அங்கேயே உயிரை விட்டிருப்ப. இன்னைக்கு நல்ல சேதிதானே கொண்டுவந்திருக்கேன், இதுக்கு எதுக்குடா பொய்?”

குழல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கித் தாழ்கிறது. அவன் பாறையில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்கிறான்.

“ஜட்ஜ் என்ன சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே.”