இருபது எண்ணிய பிறகு

சகாயராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் இருபது எண்ணி முடிக்காமல் காயைத் தொடக் கூடாது. அது அன்றைய ஒப்பந்தம்.

அவர் ஓட்டும் திண்டிவனம் பஸ் பின்னால் நின்றது. விழுப்புரம் பஸ் நிலையத்தில் டிரிப்புக்கு நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் கண்டக்டர் சுதாகரோடு ஒரு செஸ் ஆட்டம். சகாயராஜ் பிரமாதமாக ஆடிக்கொண்டு வருவார். ஜெயிக்கப்போகிற நேரத்தில் ராணியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவார்.

ஆரம்பத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டு எழுந்துபோவார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை. போன மாதம் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் சகாயராஜ் பஸ்ஸால் ஒரு பூக்கடையின் பந்தல்காலை இடித்துப் பெயர்த்தார். அடுத்த வாரமே ரோட்டோரமாகப் போன சைக்கிளைத் தட்டிவிட்டார். சைக்கிள்காரர் மண்ணில் விழுந்ததால் பிழைத்தார்.

“இன்னொரு தடவ கவனம் தப்புச்சின்னா சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு” என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். சகாயராஜ் இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். மகள் ஷாலினிக்குத் தை மாதம் கல்யாணம் வேறு.

செஸ்ஸில் கவனக்குறைவை ஒழித்துவிட்டால் ஸ்டியரிங்கிலும் அது ஒழிந்துவிடும் என்று சகாயராஜ் நம்பினார். பாவம், வேறு எதைத்தான் நம்புவார்? அவருக்காகவே சுதாகர் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு தோல்விக்கும் பலகையைப் படமாக வரைந்து, அவர் காயை வெட்டிய எதிர்க்காய் நின்ற இடத்தைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தான்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கையை உருவி ராணியை முன்னே நகர்த்தினார்.

சுதாகரின் மந்திரி ஓரத்திலிருந்து குறுக்கே வந்து ராணியைத் தூக்கியது.

“எண்ணுனீங்களாண்ணே?”

“எண்ணுனேன்டா. பலகைய மூணு தடவ பாத்தேன். அந்த மந்திரி எப்ப அங்க வந்துச்சி?”

“அண்ணே, அது பத்து நிமிஷமா அங்கியேதான் குந்திக்கினு இருக்குது.”

சகாயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

“என் புத்தி மழுங்கிப்போச்சி, சுதாகரு. அவ்ளோதான்.”

டைம் கீப்பர் விசில் ஊதினார். பஸ் நிரம்பி, படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு நின்றார்கள். சுதாகர் அவசரமாக நோட்டில் படம் போட்டுச் சுழித்தான். பிறகு முந்தைய பக்கத்தைப் பார்த்தான். அதற்கும் முந்தைய பக்கத்தைப் பார்த்தான்.

“இன்னாடா பாக்குற? ஜல்தியா வா, டைமாச்சி.”

“அண்ணே, நீங்க வெள்ள வெச்சி ஆடுனாலும் சரி, கருப்பு வெச்சி ஆடுனாலும் சரி, அடி வர்றதெல்லாம் உங்க எடதுகைப் பக்கத்துலருந்துதான். பதினேழு ஆட்டமும் அப்படியே இருக்குது.”

சகாயராஜின் முகம் தெளிந்தது. ஒரு வழியாகப் பிழை பிடிபட்டுவிட்டதே!

“பாத்தியா, இதத்தான் தேடிக்கினு இருந்தோம். இனிமே அந்தப் பக்கம் ரெண்டு மடங்கு கவனமா பாக்குறேன்.”

அவர் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுதாகர் நோட்டை மூடவில்லை. படிக்கட்டுப் பிள்ளைகளை ஒரு தரம் பார்த்தான். ஓடிப்போய் சகாயராஜின் எதிரே நின்று வழியை மறித்தான்.

“ஒரு நிமிஷம்ண்ணே. தலையத் திருப்பாம என் மூக்கையே பாருங்க.”

“இன்னாடா பேஜாரு? ஜனம் கத்துது.”

“பாருங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

சகாயராஜ் பார்த்தார். சுதாகர் அவருடைய இடது தோளுக்கு நேராகக் கையை உயர்த்தி, இரண்டு விரல்களை நீட்டினான்.

“இப்ப எத்தினி வெரலு?”

சகாயராஜ் கண் சிமிட்டாமல் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து எண்ணும் நேரம் போயிற்று. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“மொதல்ல கையத் தூக்குடா!”