நம்ம பாட்டு

ரோஸ்லினுக்குக் கிட்டார் அலறும் ராக் பாட்டுகள் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்பு அப்படி ஒன்றைப் பிரகதீஷுக்கு அனுப்பி, "கேட்டுப் பாரு" என்றாள். "அழுதுட்டேன்" என்று அவன் பதில் எழுதினான். அந்தப் பதிலுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

போனில் ஒருவர் அனுப்பும் பாட்டை, பெறுபவரின் ரசனைக்கேற்பச் செயலியே மாற்றித் தரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மாற்றுகிறது என்று யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

கல்யாணமான ஆறாவது வருடம், கோவை செல்லும் ரயிலில் அவளுடைய இயர்போன் பழுதானது. அவனுடையதில் ஒன்றை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம பாட்டுதான் ஓடுது" என்றான்.

வீணையோடு ஒரு மெல்லிய குரல் பாடிக்கொண்டிருந்தது. வரிகள்கூட வேறு.

"இதை நான் அனுப்பவே இல்லியே!"

"அப்ப நீ அனுப்புனது எது?"

இருக்கையில் தாளம் தட்டி, தொண்டை கம்ம, அவள் முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கடைசிவரை கேட்டான்.

"எனக்குப் பிடிக்கல, ரோஸ்."

அவள் கொடுத்த ஒன்றை அவன் பிடிக்கவில்லை என்று சொன்னது அதுவே முதல்முறை. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, "எது பிடிக்கல? சொல்லு" என்றாள்.