பார்வைத் திருத்தம்

பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கம்பி மட்டும் போடவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள் ஷெர்லின். பதினைந்து வயது. முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததால் அவள் வாய்விட்டுச் சிரிப்பதையே நிறுத்தியிருந்தாள். ஆனால் கம்பி போட்ட பிள்ளைகளைப் பள்ளியில் படுத்தும் பாட்டையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"கம்பி வேண்டாம்னா, வெளியே தெரியாத உறை மாட்டலாம். ஈறுல தடவுற மருந்தும் இருக்கு. ரெண்டுக்கும் பொறுமை வேணும்," என்றார் மருத்துவர். "இல்லன்னா பார்வைத் திருத்தம். பல்லைத் தொடவே வேண்டாம். இப்ப எல்லாரும் மாட்டிக்கிற திரைக்கண்ணாடி இருக்குல்ல, அதுல உன் முகத்துக்கு ஒரு திருத்தம் பதிஞ்சிடுவோம். அதைப் போட்டிருக்கிறவங்க எல்லாருக்கும் உன் பல் வரிசையாத் தெரியும்."

தூத்துக்குடியில் அந்தக் கண்ணாடி போடாமல் இப்போது யார் வெளியே போகிறார்கள்? "அதுவே போதும்," என்றாள் ஷெர்லின். அம்மா ரெஜினாவும் சம்மதித்தாள்.

அன்று மாலை அம்மா கருக்கிய தோசையைப் பார்த்து ஷெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். ரெஜினா போட்டிருந்த கண்ணாடி வழியே பற்கள் அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தன. அழகுதான். ஆனால் ரெஜினாவுக்கு வேறு யார் வீட்டுப் பெண்ணோ வந்து சிரிப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தாள்.

ஷெர்லின் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "எதுக்கும்மா கழட்டுன?"

"நீ சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சுட்டி, அதான்," என்று ரெஜினா கண்ணாடியை மறுபடி மாட்டப்போனாள்.

ஷெர்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போட வேண்டாம்மா. ஆனா வீட்டுக்குள்ள மட்டும்தான்," என்றாள், ஏறிய பற்கள் தெரிய.